முகப்பில் இல்லாத முகங்கள்: செட்டிநாட்டில் கலையும் சமூகமும் அரசியலும்

கலைக்கு அரசியல் வேண்டுவதில்லை என்பாரும் உளர். அரசியல் கலவாத கலை உலகில் இல்லை என்பாரும் உளர். இவ்விரு கூற்றுகளுள் எது பொருந்தும் என்று ஆராய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் ஆகிய ஊர்களின் வீதிகளில் நடந்து, பெருவீடுகளின் முகப்பை அண்ணாந்து பார்த்தாலே போதும். யார் கலையைப் பேணினார், யாருடைய உருவம் அதில் இடம் பெற்றது, யாருடைய உருவம் இடம் பெறவில்லை என்னும் மூன்று வினாக்களுக்கும் அங்கே விடை இருக்கிறது. அவ்வினாக்கள் செட்டிநாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. கடந்த எண்பது ஆண்டுகளில் சீன நாட்டுக் கலைஞர்களும் இவற்றையே எதிர்கொண்டனர். இரு நிலங்களின் அனுபவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கவிஞர்களுக்கு உரிய பாடம் ஒன்று கிட்டுகிறது.

வணிகரின் முகப்பு

செட்டிநாட்டுப் பெருவீடுகளில் மிகுதியானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் எழுந்தவை. முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என ஒரு தெருவிலிருந்து மறுதெரு வரை நீளும் இவ்வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடி வந்தது. தரைக்கு உரிய பூக்கற்கள் அருகிலுள்ள ஆத்தங்குடியிலேயே வார்க்கப்பட்டன. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சு இன்றும் பளிங்குபோல் மின்னுவதைக் காணலாம்.

முகப்பின் உச்சியில் சுதை உருவங்கள் வரிசையாக அமைந்திருக்கும். நடுவில் யானைகள் நீராட்டும் கசலட்சுமி வீற்றிருப்பாள். அவளுக்கு இருமருங்கும் கண்ணன், முருகன், மயில், யாளி ஆகியவற்றைக் காணலாம். சில வீடுகளில் துப்பாக்கி தாங்கிய வெள்ளைச் சிப்பாய்கள் வாயில் காப்போராக நிற்பர். சில வீடுகளில் விக்டோரியா மகாராணியின் உருவமும் உண்டு. வளவுச் சுவர்களில் தஞ்சாவூர் ஓவியங்களோடு ரவிவர்மா அச்சகத்தின் வண்ணப்படங்களும் தொங்கின. 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்ட அவ்வச்சகம், கோயிலுக்குள் இருந்த தெய்வத்தை மனித முகத்தோடும் பட்டுச் சேலையோடும் வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்தது.

இவ்வமைப்பை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குதல் பொருந்தாது. திருமகளின் அருளும் பிரிட்டிஷ் அரசின் பாதுகாப்பும் சேர்ந்தே தம் வணிகத்தைக் காத்தன என்பதை வணிகர் அறிந்திருந்தனர். அவர்கள் அறிந்ததைக் கொத்தனார் சுதையில் செய்து வைத்தார். கடல் கடந்த வட்டித்தொழிலுக்கு ரங்கூன் நீதிமன்றமும் ஆங்கிலேயர் சட்டமும் வேண்டியிருந்தன. எனவே சிப்பாய்க்கும் மகாராணிக்கும் முகப்பில் இடம் கிடைத்தது. இவ்வகையில் அம்முகப்பு அக்காலத்தின் அரசியல் சாசனமாகவும் விளங்கியது.

அம்முகப்பில் இடம் பெறாதவர் இருவர். ஒருவர் அதைச் செய்த தொழிலாளி. வீட்டுக்காரரின் விலாச எழுத்துகளையும் கட்டிய ஆண்டையும் தாங்கி நிற்கும் முகப்புகள் உண்டு. சுதை வேலை செய்த கொத்தனாரின் பெயரோ, நிலைக்கதவில் கொடியும் பூவும் செதுக்கிய ஆசாரியின் பெயரோ காண்பது மிக அரிது. மற்றொருவர் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் நெல் விளைவித்த பர்மிய உழவர். கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலமே செட்டியார்கள் வசம் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல் போக, 1937இல் அது ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. நிலத்தை விரும்பி அவர்கள் அங்குச் சென்றாரல்லர். பணம் பணமாகவே திரும்ப வேண்டும் என்பதே வட்டித்தொழிலின் இயல்பு. ஆயினும் நிலம் இழந்த உழவரின் கண்ணுக்கு அவ்வேறுபாடு புலப்பட்டிருக்காது. 1942இல் சப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது செட்டியார்கள் பெட்டகங்களை விட்டுவிட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. விடுதலைக்குப் பின் வந்த பர்மிய அரசின் நிலச் சட்டமும் 1960களின் நாட்டுடைமை நடவடிக்கைகளும் எஞ்சியிருந்ததையும் முடித்து வைத்தன. அதன்பின் செட்டிநாட்டில் பெருவீடு கட்டும் காலமும் முடிந்தது.

காந்தியடிகளின் கேள்வி

இம்முகப்புகளை நோக்கி முதலில் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பியவர் காந்தியடிகள். 1927 செப்டம்பரில் அவர் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். நிதி வழங்கிய செல்வர்களின் மாளிகைகளைக் கண்ட அவர், அங்கு நிறைந்து கிடந்த அயல்நாட்டு அறைகலன்களைக் குறித்து நயமாகவே கண்டித்தார். அவற்றை அழகுபடுத்தும் பொறுப்பைத் தம்மிடம் ஒப்பந்தமாகக் கொடுத்தால், ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கிலேயே இன்னும் மிகுந்த வசதியும் காற்றும் தருவதாகவும், மிகுந்த கலைநயத்தோடு செய்ததாக இந்தியக் கலைஞர்களிடமே சான்றிதழ் பெற்றுக் காட்டுவதாகவும் அவர் கூறினார். கேட்டோர் சிரித்திருக்கக் கூடும். ஆயினும் எளிமை கலையின் பகையன்று, மிகையே கலையின் பகை என்னும் கொள்கை அதில் இருந்தது. அப்பயணத்தில் அவர் சிராவயலில் ப. ஜீவானந்தம் நடத்திய ஆசிரமத்துக்கும் சென்றார். மாளிகை, ஆசிரமம் என்னும் இரு எல்லைகளும் சில கல் தொலைவுக்குள் இருந்தன என்பது செட்டிநாட்டின் தனிச்சிறப்பு.

அதற்கு முன்பே இம்மண்ணில் புதிய உருவம் ஒன்று பதிவாகியிருந்தது. காரைக்குடியில் 1917இல் இளைஞர்களால் தொடங்கப்பட்ட இந்து மதாபிமான சங்கத்துக்குப் பாரதியார் 1919 நவம்பரில் வந்தார். அச்சங்கத்தை வாழ்த்திப் பாடலும் இயற்றினார். கையில் கோலுடன் அவர் தோன்றும் புகைப்படம் அப்போது காரைக்குடியில் எடுக்கப்பட்டதே. பாரதியாரின் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கன. அவற்றுள் இது ஒன்று என்பதால், கவிஞரின் உருவத்தைத் தமிழகத்துக்கு அளித்த ஊர்களுள் காரைக்குடியும் இடம் பெறுகிறது. பின்னாளில் தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக அவரை வரைந்து தமிழர் நெஞ்சில் நிறுத்தியவர் ஆர்யா எனப்பட்ட பாஷ்யம். 1932 சனவரி 26ஆம் நாள் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் மூவண்ணக் கொடியை ஏற்றிச் சிறை சென்றவரும் அவரே. கோட்டையில் கொடி ஏற்றிய கைதான் கவிஞரின் உருவத்தையும் வரைந்தது.

இசைத்துறையில் இதற்கு இணையான மாற்றத்தைக் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலை அரசர் தொடங்கி வைத்தார். 1941இல் அண்ணாமலைநகரில் நடந்த தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் நிறுவப்பட்ட தமிழ் இசைச் சங்கமும் கச்சேரி மேடையில் தமிழுக்கு இடம் கேட்டன. ஆங்கில அரசின் பட்டம் பெற்ற ஒருவர் தம் செல்வத்தைத் தாய்மொழியின் உரிமைக்காகப் பயன்படுத்தினார். புரவலர் மாறவில்லை. அவர் பேணிய பொருள் மாறியது.

மொழி தெய்வமான வரலாறு

காரைக்குடியில் கலையும் அரசியலும் மிக நெருங்கிக் கலந்த இடம் தமிழ்த்தாய் கோயில். அதன் வரலாறு கம்பன் கழகத்திலிருந்து தொடங்குகிறது. 1939இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கழகத்தைத் தொடங்கினார். விடுதலைப் போராட்ட வீரரும், சிற்பமும் கல்வெட்டும் கற்ற அறிஞருமாகிய அவர், ஆண்டுதோறும் கம்பன் திருநாளை நடத்தி அதை ஒரு மரபாகவே ஆக்கினார். அதே காலத்தில் கம்பராமாயணத்தை எரிக்க வேண்டும் என்ற முழக்கம் தன்மான இயக்க மேடைகளில் எழுந்தது. 1943இல் அறிஞர் அண்ணா இக்கருத்தை வலியுறுத்தி, சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் சொற்போர் நிகழ்த்தினார். ஒருசார் வணங்கிய காப்பியத்தை மறுசார் தீயிலிட வேண்டும் என்றது.

முப்பதாண்டுகள் கழிந்தபின் காட்சி மாறியது. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பகுதி 1970இல் அரசு விழாக்களின் தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று. 1975 ஏப்ரலில் கம்பன் மணிமண்டப வளாகத்தில் தமிழ்த்தாய் கோயிலுக்கு அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கம்பனை எரிக்கச் சொன்ன இயக்கத்தில் வளர்ந்தவரும், கம்பனுக்கே வாழ்வை அளித்தவரும் ஒரே மேடையில் கூடினர். கோயிலை மறுத்தவரும் கோயிலைப் பேணியவரும் சேர்ந்து வணங்கத் தக்க ஒரு தெய்வம் மொழி ஒன்றே என்பதை இருசாராரும் உணர்ந்திருந்தனர். அகத்தியர், தொல்காப்பியர், வள்ளுவர், இளங்கோ, கம்பர் ஆகியோர் அங்கே தமிழ்த்தாய்க்குத் துணை நிற்கின்றனர்.

அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 1976 சனவரியில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. 1982இல் சா. கணேசனும் மறைந்தார். 1993 ஏப்ரலில் கோயில் திறக்கப்பட்டபோது, அடிக்கல் நாட்டிய முதலமைச்சர் எதிர்க்கட்சித் தலைவராகவும் அன்றி ஆட்சிக்கு வெளியே இருந்த கட்சித் தலைவராகவே வந்து அதைத் திறந்து வைத்தார். கல்லின் ஆயுள் நெடிது. அதைக் கோயிலாக்கும் ஆட்சியின் ஆயுளோ குறுகியது.

கோயிலை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி 1927இல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். வழிவழியாகச் சிற்பத்தொழில் செய்த குடும்பத்தினர். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை நெடுங்காலம் வகித்தார். பூம்புகார்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடம், சென்னை வள்ளுவர் கோட்டம், குமரிமுனையில் 133 அடி உயர வள்ளுவர் சிலை ஆகியன அவர் உருவாக்கியவை. இன்றைய தமிழ் அரசியலின் கல்வடிவம் எனத் தக்கவற்றுள் பெரும்பகுதி நகரத்தார் கோயில்களில் வளர்ந்த ஒரு மரபிலிருந்து பிறந்தது. முன்னர் வணிகர் புரவலராக இருந்த இடத்தில் இப்போது அரசு வந்து அமர்ந்தது. உளி பிடித்த கை அதே மரபின் கையாகவே இருந்தது.

அரசு புரவலராகும்போது படைப்பு அரசின் போக்குக்கும் உட்படுகிறது. வள்ளுவர் கோட்டம் 1976 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது அதைக் கனவு கண்டு கட்டிய முதலமைச்சர் பதவியில் இல்லை. குமரிமுனைச் சிலைக்கு 1979இல் அடிக்கல் நாட்டப்பெற்றும் 2000 சனவரி முதல் நாளில்தான் திறப்பு நிகழ்ந்தது. 1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் பத்துச் சிலைகள் நிறுவப்பட்டன. அவற்றுள் ஒன்றான கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, ஆட்சி மாறியபின் 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்து 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்ட வள்ளுவர் படத்தில் வெண்ணிற ஆடை இருந்தது. 2019இல் காவியாடை உடுத்திய வள்ளுவர் படம் வெளியிடப்பட்டபோது தமிழகமெங்கும் சர்ச்சை எழுந்தது. கரிய நிறத்தில் வெகுண்டெழுந்து ஆடும் தமிழணங்கின் படம் 2022 ஏப்ரலில் பரவியபோது, தமிழ்த்தாய் வீற்றிருக்க வேண்டுமா, எழுந்து நிற்க வேண்டுமா, அவள் நிறம் என்ன என்ற விவாதமும் உடன் எழுந்தது. இவற்றையெல்லாம் கட்சிப் பூசல் என்று புறந்தள்ளுவோர், உருவத்தின் மீது தமிழர் வைத்துள்ள மதிப்பை உணராதவராவர்.

சீனத்து முற்றம்

இவ்விடத்தில் சீன நாட்டின் அனுபவத்தை நோக்குதல் தகும். செட்டியார்கள் பர்மாவை விட்டு வெளியேறிய 1942ஆம் ஆண்டின் மே மாதத்தில் யெனானில் மா சே துங் கலை இலக்கியம் குறித்து உரையாற்றினார். கலை தொழிலாளர், உழவர், படைவீரர் ஆகியோருக்கு உரியது. அது அரசியலுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். 1949க்குப் பின் அதுவே நாட்டின் சட்டம்போல் ஆயிற்று.

அக்கொள்கையின் முழு வடிவத்தைச் சிச்சுவான் மாநிலத்தின் தாயி வட்டாரத்தில் காணலாம். லியூ வென்சாய் என்ற நிலக்கிழாரின் மாளிகை முற்றத்தில் 1965ஆம் ஆண்டில் 114 மண்ணுருவங்கள் ஆளுயரத்தில் அமைக்கப்பட்டன. குத்தகை நெல்லைச் சுமந்து வரும் உழவர், அளவில் ஏமாற்றும் கணக்கர், கதறும் தாய், இறுதியில் வெகுண்டெழும் மக்கள் எனக் கதைபோல் தொடரும் அவ்வரிசைக்குக் ‘குத்தகை வசூல் முற்றம்’ என்று பெயர். மரச்சட்டம், வைக்கோல், களிமண் ஆகிய நாட்டுப்புறப் பொருள்களைக் கொண்டு, கலைக்கல்லூரிச் சிற்பிகளும் ஊர்க் கைவினைஞர்களும் கூடிச் செய்தனர். மரச்சட்டத்தில் வைக்கோல் சுற்றிக் களிமண் பூசும் அம்முறை, தமிழகத்து ஊர்க்கோயில் சுதைக்குதிரையும் மண்குதிரையும் செய்வோருக்கு அந்நியமாகத் தோன்றாது.

செட்டிநாட்டு முகப்பில் காணாத உழவர் சீனத்து முற்றத்தில் நிறைந்திருந்தார். ஆயினும் அதுவும் முழு உண்மையாகவில்லை. அம்மாளிகையில் உழவரை அடைத்து வதைத்ததாகக் காட்டப்பட்ட நீர்ச்சிறை கட்டிச் சொல்லப்பட்ட கதை என்பது பின்னர் வெளிப்பட்டது. உருவம் சமைத்த சிற்பிகள் தம் பெயரைப் பொறிக்கவில்லை. படைப்பு மக்களுக்கு உரியது என்று சொல்லப்பட்டது. 1999இல் சாய் குவோ சியாங் என்னும் சீனக் கலைஞர் வெனிஸ் நகரக் கலைவிழாவில் அவ்வுருவங்களை மீண்டும் செய்யவைத்துத் தங்கச் சிங்கம் விருது பெற்றார். மூலப் படைப்பின் உரிமை யாருக்கு என்று சிச்சுவான் கல்லூரி வழக்குத் தொடுக்க முனைந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்தே சிற்பியின் பெயர் ஒரு பிரச்சினையாயிற்று. வணிகர் புரவலராயின் உழவர் மறைகிறார். கட்சி புரவலராயின் உழவர் தோன்றுகிறார், ஆனால் கட்சி சொன்ன முகத்தோடு மட்டுமே தோன்றுகிறார். இரண்டிலும் செய்தவரின் பெயர் மறைகிறது.

ஓவியரும் கவிஞரும்

புரவலர் எவருமின்றிக் கலை வாழ முடியுமா என்ற வினாவுக்கு இரு நாடுகளிலும் விடை தேடியோர் கவிஞர்களைத் துணையாகக் கொண்டனர் என்பது இவ்விலக்கிய வட்டத்தார் எண்ணத் தக்கது. பெய்ஜிங்கில் பெய் தாவ், மாங் கே என்னும் கவிஞர்கள் 1978 டிசம்பரில் ‘இன்று’ என்ற பொருளுடைய சிற்றிதழைத் தொடங்கினர். கல்லச்சுப் போன்ற எளிய முறையில் படியெடுத்து, தாள்களைச் சுவரில் ஒட்டிப் பரப்பினர். அவர்களோடு பழகிய ஓவியர்கள் ‘விண்மீன்கள்’ என்ற குழுவாயினர். அரசுக் கலைக்கூடத்தில் இடம் கிடைக்காமையால் 1979 செப்டம்பர் 27ஆம் நாள் அதன் அருகிலிருந்த பூங்காவின் இரும்புக் கிராதியில் தம் படைப்புகளைத் தொங்கவிட்டனர். சில நாள்களுக்குள் காவலர் அதைத் தடுத்தனர். அக்டோபர் முதல் நாள் கலைஞர்கள் ஊர்வலமாகச் சென்றனர். அக்குழுவின் வாங் கெபிங் மரத்தில் செதுக்கிய ஒரு தலையின் வாய் அடைக்கப்பட்டிருந்தது. ‘மௌனம்’ என்பது அதன் பெயர். அடுத்த ஆண்டு அதே கலைக்கூடத்துக்குள் அவர்களுக்கு இடம் கிடைத்தது. கவிஞர்களின் இதழோ அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது.

தமிழகத்தில் இவ்வளவு கடுமையான தடை இருக்கவில்லை. பொருட்படுத்தாமை என்னும் வேறொரு தடை இருந்தது. சென்னைக் கலை, கைவினைப் பள்ளியில் 1929இல் பொறுப்பேற்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி பாறையைப் புரட்டும் உழைப்பாளர் நால்வரைச் சிலையாக வடித்தார். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட அச்சிலை, ஆண்டவரையும் அரசரையும் அன்றி உழைப்பவரைப் பீடத்தில் ஏற்றியது. அவர் மாணவர் எஸ். தனபால் பெரியாரின் தலையைச் சிற்பமாக்கினார். கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் எழுத்தையும் குறியீட்டையுமே ஓவியமாக்கினார். 1966இல் அவர் தலைமையில் தோன்றிய சோழமண்டல ஓவியர் கிராமம், பத்திக் முதலான கைவினைப் பொருள்களை விற்று ஓவியர்கள் தம் காலில் நிற்க வழி செய்தது.

அப்பள்ளியில் பயின்ற கே.எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி நூறு கோட்டோவியங்கள் வரைந்தார். கறுப்பு மையும் வெள்ளைத்தாளும் தவிர அவற்றுக்கு வேறு செலவில்லை. 1927இல் காந்தியடிகள் செட்டிநாட்டில் சொன்ன பத்தில் ஒரு பங்கு இங்கே மெய்யாயிற்று எனலாம். ‘நடை’, ‘கசடதபற’ முதலிய சிற்றிதழ்களின் காலத்தில் புதுக்கவிதையும் நவீன ஓவியமும் அக்கம்பக்கமாக வளர்ந்தன. சில நூறு படிகளே அச்சாகிய தாள்களில் கவிஞரின் வரியும் ஓவியரின் கோடும் கூலியின்றிச் சந்தித்தன. பின்னர் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துக்கு ஆதிமூலம் வரைந்த கோடுகள் வார இதழ் வழியே பல்லாயிரம் வாசகரை அடைந்தன. மீசையும் முண்டாசும் சுருக்கம் விழுந்த முகமுமாக உழவர் அங்கே தோன்றினார். எந்த முதலாளியும் எந்தக் கட்சியும் அந்த முகத்தை வரையச் சொல்லவில்லை.

பெயர் என்னும் கடன்

இன்று செட்டிநாட்டுக்கு வந்திருப்பது நான்காம் புரவலர். அதன் பெயர் சந்தை. பாகம் பிரிந்து, பராமரிக்க இயலாமல், பல பெருவீடுகள் பிரித்து விற்கப்பட்டன. நிலைக்கதவும் தூணும் பீங்கானும் ரவிவர்மா படமும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் வந்து சேர்ந்தன. அங்கிருந்து விடுதிகளுக்கும் அயலூர் மாளிகைகளுக்கும் சென்றன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா காட்சியகத்தில் ஒரு செட்டிநாட்டு வீடு பெயர்த்து நிறுவப்பட்டுள்ளது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பெயர்த்தெடுத்த தூணுக்கு விலை உண்டு. அதைச் செதுக்கியவர் யார், எந்த ஊர்த் தேக்கு, எவர் செலுத்திய வட்டி என்னும் வரலாறு விலைச்சீட்டில் இல்லை.

சீனத்தில் 2008ஆம் ஆண்டு சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்து குழந்தைகள் மாண்டனர். விண்மீன்கள் குழுவில் இருந்தவரும், கவிஞர் ஐ சிங்கின் மகனுமாகிய ஐ வெய்வெய், தன்னார்வலரைக் கொண்டு ஊர் ஊராகச் சென்று 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெயர்களைத் திரட்டிச் சுவரில் ஒட்டினார். தூரிகையும் உளியும் இன்றிப் பெயர்ப்பட்டியலே கலையாயிற்று. அரசுக்கு அதுவே பொறுக்கவில்லை. 2011இல் அவர் 81 நாள் காவலில் வைக்கப்பட்டார்.

பெயரைப் பொறிப்பது தமிழருக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயர்களை அவர்கள் இருந்த தெருவோடும் மனையோடும் கல்லில் வெட்டச் செய்தான். கோயிலை எடுத்த பெருந்தச்சனின் பெயரும் அங்கு உண்டு. அதற்கும் முற்பட்ட சான்று காரைக்குடிக்கு மிக அருகிலேயே உள்ளது. பிள்ளையார்பட்டிக் குடைவரையில் பழந்தமிழ் எழுத்தில் ‘எருக்காட்டூர்க் கோன் பெருந்தச்சன்’ என்று படிக்கப்படும் ஒரு பெயர் உண்டு. அதன் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், அக்குடைவரையைக் குடைந்த சிற்பியின் பெயராகவே அது பெரிதும் கொள்ளப்படுகிறது. சங்கப் புலவர்களுள்ளும் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் என ஒருவர் உளர். புலவருக்கும் தச்சருக்கும் ஒரே ஊர்ப்பெயர் அமைந்திருப்பது சுட்டத் தக்கது.

கல்லைக் குடைந்தவர் தம் பெயரைப் பொறித்த அதே வட்டாரத்தில், நூறாண்டுக்கு முன் சுதை செய்தவரின் பெயர் தெரியவில்லை. அப்பெயர்களை அறிந்த முதியோர் இன்னும் சில ஊர்களில் இருத்தல் கூடும். வீட்டுக் கணக்கேடுகளில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அளித்த கூலி பற்று எழுதப்பட்டிருத்தல் கூடும். வீடு பிரிக்கப்படும் நாளில் கதவு விற்பனைக்குப் போகும். கணக்கேடு பழந்தாள் கடைக்குப் போகும். கவிஞர்கள் கூடிய ஒரு வட்டம் பெருவீடுகளைக் காப்பாற்றும் பொருள்வளம் உடையதன்று. ஆனால் ஊருக்கு ஒரு வீடு என்று தேர்ந்து, ஏடுகளைப் பார்த்து, முதியோரைக் கேட்டு, பெயர்களை எழுதி வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பதினோராம் ஆண்டில் இவ்விலக்கிய வட்டம் அப்பணியை மேற்கொள்ளுமாயின், அடுத்து வரும் மலரில் கவிதைகளோடு ஒரு பெயர்ப்பட்டியலும் இடம் பெறும். முகப்பில் இடம் பெறாதவர் ஏட்டிலேனும் இடம் பெறுவர்.